பத்தி வினாவும் பாட்டு ஆராய்ச்சியும்: 6, 7, 8 வகுப்புகளுக்கு மீள்பார்வையை எப்படி நடத்துவது?

நடுநிலைப்பள்ளித் தமிழ் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவ இறுதித் தேர்வுக்கு) முன்பு கிடைக்கும் மீள்பார்வை வாரங்களை 6, 7, 8 வகுப்புகளின் தமிழ்ப் பாடவேளையில் எப்படிச் செலவிடுவது என்பதைப் பற்றி இங்குள்ள ஆசிரியர்களோடும் பெற்றோரோடும் பேச விரும்புகிறேன். பெரும்பாலும் அந்த வாரங்கள் குறுவினா, சிறுவினா விடைகளை ஒப்பிப்பதிலும் பழைய வினாத்தாள்களை எழுதிப் பார்ப்பதிலும் கழிந்துவிடுகின்றன. நினைவாற்றல் அதனால் கூர்மைப்படுகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் படித்துப் புரிந்துகொள்ளும் திறனையும், ஒரு பாட்டையோ கதையையோ ஆராயும் திறனையும் நாம் அந்த வாரங்களில் தொடுவதே இல்லை.

எதனால் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கீழ்வரும் பத்தியைப் படித்துப் பாருங்கள். இதிலுள்ள பல சொற்கள் நான் இட்டுக்கட்டியவை. அவற்றுக்குப் பொருளே கிடையாது.

"துமரன் கவளியில் மிழந்தான். அங்கே ஒரு பெருந்தலிவைக் கண்டு நெவித்தான். பின்னர் அதைச் சூமையால் பொழுக்கித் தன் தகவிக்குக் கொடுத்தான்."

துமரன் எங்கே மிழந்தான்? எதைக் கண்டு நெவித்தான்? அதை எதனால் பொழுக்கினான்? யாருக்குக் கொடுத்தான்? ஆறாம் வகுப்பு மாணவர் எவரும் இந்த நான்கு வினாக்களுக்கும் முழு மதிப்பெண் பெற்றுவிடுவார். 'எங்கே' என்றால் 'இல்' உருபு ஏற்ற சொல்லையும், 'எதை' என்றால் 'ஐ' ஏற்ற சொல்லையும், 'எதனால்' என்றால் 'ஆல்' ஏற்ற சொல்லையும் பெயர்த்து எழுதினால் போதும். வேற்றுமை உருபுகள் இவ்வளவு வெளிப்படையாக நிற்கும் மொழியில், பொருள் தெரியாமலேயே விடை எழுதிவிடலாம். 'பத்தியைப் படித்து வினாக்களுக்கு விடை எழுதுக' என்று நாம் கொடுக்கும் பயிற்சிகளில் பெரும்பான்மையானவை இந்த வகையைச் சேர்ந்தவைதாம்.

பாட்டுக்கும் இதே நிலைதான். தமிழ்நாட்டில் 2018-19, 2019-20 கல்வியாண்டுகளில் வந்த பாடநூல்கள் முந்தையவற்றைவிட அமைப்பில் எவ்வளவோ மேம்பட்டவை. 'நூல் வெளி'யும் (பாட்டின் ஆசிரியரையும் நூலையும் பற்றிய குறிப்பு) 'சிந்தனை வினா'வும் அவற்றில் இருப்பது நமக்குப் பெரிய வசதி. ஆனால் பாட்டை அடுத்து 'சொல்லும் பொருளும்', அதையடுத்து 'பாடலின் பொருள்' என்று அச்சாகியிருப்பதால், மாணவரின் கண் பாட்டில் நிற்காமல் நேரே உரைநடைப் பொருளுக்கு இறங்கிவிடுகிறது. அவர் படிப்பது பாட்டையன்று, பாட்டைப் பற்றி வேறொருவர் எழுதிய பத்தியை.

ஆகவே மீள்பார்வையில் 'சொல்லும் பொருளும்' பகுதியைத் திறந்து வைத்து, 'பாடலின் பொருள்' பகுதியை ஒரு தாளால் மூடிவிட்டு, மாணவர் சொல்லும் ஒவ்வொரு விடைக்கும் "எந்த வரி அப்படிச் சொல்கிறது?" என்ற ஒரே வினாவைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம் என்பது என் முன்மொழிவு. உங்கள் வகுப்புகளில் என்ன செய்கிறீர்கள்?

ஏழாம்வகுப்புத் தாய்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நீங்கள் எழுதியது என் மகளைப் பார்த்து எழுதியது போல இருக்கிறது. பத்தி வினாக்களில் அவள் ஒரு மதிப்பெண்ணும் இழப்பதில்லை. ஆனால் எங்கள் குடியிருப்பின் படிக்கட்டில் ஒட்டியிருந்த தண்ணீர் அறிவிப்பைப் படித்துவிட்டு, வியாழக்கிழமை நம் வீட்டுக்குத் தண்ணீர் வருமா வராதா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கிழமை ஒரு வரியிலும், எந்தத் தளங்களுக்கு என்பது வேறொரு வரியிலும், விதிவிலக்கு அடிக்குறிப்பிலும் இருந்தன. மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு ஐயமும் உண்டு. சொந்த நடையில் எழுதினால் மதிப்பெண் குறையும் என்றும், கைடில் இருப்பதை அப்படியே எழுதினால் குறையாது என்றும் அவள் உறுதியாக நம்புகிறாள். அந்த நம்பிக்கை அனுபவத்தில் வந்தது. நாங்கள் வீட்டில் என்ன சொல்லிக் கொடுப்பது?

பழைய பள்ளிக்கூடம்

ஓய்வு பெற்ற தமிழாசிரியன் என்ற முறையில் சில சொற்கள் கூறுகிறேன். 'பாடலின் பொருள்' பகுதியை மூடச் சொல்வதை நான் எதிர்க்கவில்லை. ஆயினும் அச்சில் வந்த பொருளே குழந்தையின் சிந்தனையைக் கெடுக்கிறது என்ற தொனி எனக்கு உடன்பாடில்லை. சங்கப் பாட்டை உரையின் துணையின்றிப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தனியே படித்துவிட முடியாது. உரை என்பது நம் மரபில் பாட்டுக்கு வெளியே நிற்கும் ஒட்டுச்சீட்டு அன்று. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பாடம், கருத்து, சொல்வகை, சொற்பொருள் என்று தொடங்கி உரைக்குரிய 14 கூறுகளை அடுக்குகிறார். வினாவும் விடையும் அவற்றுள் தனித்தனியே எண்ணப்பட்டுள்ளன. மாணவன் நூல் பயிலும் முறையைச் சொல்லும் இடத்திலும் பாடத்தைப் போற்றுதல், கேட்டவற்றை நினைத்தல் ஆகியவற்றோடு வினாதலும், வினாயவற்றுக்கு விடுத்தலும் வருகின்றன. மனப்பாடமும் வினாவும் அங்கே ஒரே நிரலில்தான் நிற்கின்றன.

பாட்டு நெஞ்சில் இருந்தால்தான் அதன் ஐந்தாம் வரியையும் முதல் வரியையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்து ஒப்பிட முடியும். ஆகவே மனப்பாடப் பகுதியை மட்டம் தட்டாமல், மனப்பாடம் முடிந்த பிறகு கேட்கும் வினாக்களின் தரத்தைப் பற்றிப் பேசுவோம். நன்னூலார் வினாவை அறுவகையாகப் பகுக்கிறார். விடை தெரிந்துகொண்டே மாணவனைச் சோதிக்கக் கேட்பது அறிவினா. நம் வினாத்தாள் முழுவதும் அறிவினாவாகவே இருக்கிறது. ஆசிரியருக்கே விடை உறுதியாகத் தெரியாத ஐய வினா ஒன்றாவது வகுப்பில் எழ வேண்டாமா?

நடுநிலைப்பள்ளித் தமிழ்

ஐயா, மனப்பாடத்தைப் பற்றிய உங்கள் கருத்தை ஏற்கிறேன். பாட்டை மனப்பாடமாகச் சொல்லும் மாணவர்களோடுதான் இந்த முறை நன்றாக நடக்கிறது. நீங்கள் கேட்ட ஐய வினாவுக்கு ஏழாம் வகுப்புப் பாடத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். காவற்பெண்டு பாடிய புறநானூற்று 86ஆம் பாட்டை எல்லாரும் அறிவீர்கள்.

"சிற்றில் நற்றூண் பற்றி நின்மகன்
யாண்டுஉள னோஎன வினவுதி என்மகன்
யாண்டுஉளன் ஆயினும் அறியேன் ஓரும்
புலிசேர்ந்து போகிய கல்அளை போல
ஈன்ற வயிறோ இதுவே
தோன்றுவன் மாதோ போர்க்களத் தானே"

வழக்கமாக நாம் இதை நடத்தி முடிக்கும் விதம் என்ன? தாயின் வயிற்றுக்குப் புலி தங்கிச் சென்ற குகை உவமை, பாட்டு வீரத்தைச் சொல்கிறது, ஆசிரியர் காவற்பெண்டு, ஒரு மதிப்பெண் வினா, குறுவினா, முடிந்தது. மீள்பார்வையில் நான் வேறு வழியில் போகிறேன். சொற்பொருள் மட்டும் தெரிந்த நிலையில், முதலில் மேடையமைப்பைக் கேட்கிறேன்: இந்த ஆறு வரிகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள், யார் எங்கே நிற்கிறார்கள்? பலரும் தாய், மகன் என்று இருவரைச் சொல்வார்கள். தூணைப் பற்றிக்கொண்டு நிற்பவர் யார் என்று கேட்டால்தான் மூன்றாவது ஆள் வெளிப்படுகிறார். அந்த மூன்றாமவர் ஆணா, பெண்ணா? 'வினவுதி' என்பது முன்னிலை ஒருமை. அதில் பால் தெரியாது. மகனைத் தேடி வந்த தோழன் என்று ஒரு மாணவர் சொல்லலாம், அக்கம்பக்கத்துப் பெண் என்று இன்னொருவர் சொல்லலாம். இரண்டையும் பாட்டு மறுக்கவில்லை, இரண்டையும் பாட்டு சொல்லவும் இல்லை. 'பாட்டு சொல்வது', 'பாட்டு இடம் கொடுப்பது', 'பாட்டு மறுப்பது' என்ற மூன்றையும் பிரித்தறியும் பழக்கம் இந்த ஒரு வினாவிலேயே தொடங்கிவிடுகிறது.

அடுத்து 'அறியேன்' என்ற சொல்லை நிறுத்திப் பார்க்கிறோம். மகன் எங்கே இருக்கிறான் என்று தெரியாத தாய் கவலைப்பட வேண்டாமா? இந்தத் தாயின் குரலில் கவலை இருக்கிறதா, அலட்சியம் இருக்கிறதா, பெருமிதம் இருக்கிறதா? பெருமிதம் என்று மாணவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள், ஏனெனில் கைடில் அது இருக்கிறது. "எந்த வரி?" என்று கேட்டால்தான் கடைசி வரிக்கு வருவார்கள்: எங்கே இருக்கிறான் என்று அறியாதவளுக்கு எங்கே தோன்றுவான் என்பது தெரிந்திருக்கிறது. மூன்றாம் வரியின் 'அறியேன்' என்பதையும் ஆறாம் வரியின் 'தோன்றுவன்' என்பதையும் எதிரெதிரே வைத்த பிறகு, பெருமிதம் என்ற விடை மாணவருக்குச் சொந்தமாகிறது.

உவமையில் இன்னும் ஆழம் உண்டு. குகை புலியை உண்டாக்கவில்லை, புலி சிறிது காலம் தங்கிப் போன இடம் அது. அப்படியானால் தாய் தன்னைச் சிறுமைப்படுத்திக்கொள்கிறாளா, அல்லது புலி தங்கிய குகை என்பதாலேயே அந்தக் குகைக்கு ஒரு பெருமை வருகிறதா? புலி போய்விட்ட பின் இருக்கும் வெறுமையை இந்த உவமை சொல்கிறதா? எனக்கே உறுதியான விடை இல்லாத வினா இது. வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிடும்.

கடைசியாக 'நூல் வெளி'. காவற்பெண்டு, போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்ற சோழனின் செவிலித்தாய் என்பர் என்று அங்கே வருகிறது. செவிலித்தாய் வளர்த்தவள், பாட்டிலோ 'ஈன்ற வயிறு' பேசுகிறது. அப்படியானால் பேசுபவள் காவற்பெண்டுதானா, காவற்பெண்டு படைத்த ஒரு தாயா? பாடியவரும் பாட்டில் பேசுபவரும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை என்பது இலக்கிய ஆராய்ச்சியின் முதற்பாடங்களில் ஒன்று. அகப்பாட்டுகளுக்குத் தலைவி கூற்று, தோழி கூற்று என்று குறிப்பு எழுதிய நம் மரபுக்கு அது புதிதும் அன்று. பாடநூலின் ஒரே பாடத்தில் இதற்கான சான்று இரண்டும் இருக்கின்றன. அவற்றை இணைக்கும் வினாவைத்தான் நாம் கேட்பதில்லை.

மலையடிவாரம்

நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது மகிழ்ச்சியாகவும் சற்று ஏக்கமாகவும் இருக்கிறது. என் ஏழாம் வகுப்பில் பாதிப் பேர் இந்த ஆறு வரிகளைத் தடையின்றி வாசித்து முடிக்கவே திணறுவார்கள். 'மெல்லக் கற்கும் மாணவர்கள்' என்று பதிவேட்டில் எழுதி, அவர்களுக்குக் குறைந்தபட்சத் தேர்ச்சிக்கான வினாக்களை மட்டும் கொடுத்து ஒதுக்கிவைப்பதுதான் நடைமுறை. காவற்பெண்டின் குரலில் கவலையா பெருமிதமா என்ற வினா அவர்களை வந்தடைவதே இல்லை.

ஆனால் எழுத்தைச் சொல்லாக்கிப் படிக்கும் திறனும், கேட்டதன் பொருளை உணரும் திறனும் வெவ்வேறு. வாசிக்கத் திணறும் பிள்ளை கேட்டுப் புரிந்துகொள்வதிலும் பின்தங்கியிருப்பான் என்று நாம் எடுத்துக்கொள்வது தவறு. தெருவில் இரண்டு பேர் சண்டையிட்டால் யார் யாரைக் குத்திப் பேசினார்கள், எந்தச் சொல்லில் ஏளனம் இருந்தது என்பதை அந்தப் பிள்ளைகள் நம்மைவிடத் துல்லியமாகச் சொல்வார்கள். ஆகவே நான் பாட்டை முதலில் இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்டி, வினாக்களை வாய்மொழியாகவே நடத்துகிறேன். விவாதம் முடிந்து பொருள் பிடிபட்ட பிறகு, அதே வரிகளை அவர்கள் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்கிறேன். பொருள் தெரிந்த வரியை வாசிப்பது அவர்களுக்கு எளிதாக இருக்கிறது.

வாசிப்புச் சரளத்துக்குப் பாடநூலை மட்டும் நம்புவதில்லை. பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் 'நுழை, நட, ஓடு, பற' என்று நிலை பிரித்துக் கொடுத்த சிறு நூல்கள் பள்ளியில் இருக்கின்றன. எட்டாம் வகுப்பு மாணவருக்கு 'நுழை' நூலைக் கொடுப்பதில் வெட்கம் குறுக்கிடுகிறது. அவரையே ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைப் படித்துக் காட்டச் சொன்னால் அந்த வெட்கம் போய்விடுகிறது. முதலில் வாசிக்கக் கற்கட்டும், சிந்தனை பிறகு என்று தள்ளிப்போட்டால் அந்தப் 'பிறகு' எட்டாம் வகுப்பு முடிவதற்குள் வருவதில்லை.

கணக்குப் பார்ப்பவர்

தமிழாசிரியர் அல்லாத நான் இடையில் வருவதைப் பொறுத்தருள்க. தண்ணீர் அறிவிப்பைப் பற்றி அந்த அம்மா எழுதியது தனிப்பட்ட ஒரு வீட்டின் செய்தி அன்று. 15 வயது மாணவர்களின் திறனை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் பிசா மதிப்பீட்டின் 2009ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்சியில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் மட்டும் பங்கேற்றன. 2011 இறுதியில் வெளியான முடிவுகளில் இரண்டும் பட்டியலின் அடிப்பகுதியில் இருந்தன. அன்றாட வாழ்வுக்குத் தேவையான அடிப்படை வாசிப்பு நிலையைத் தமிழ்நாட்டு மாணவர்களுள் ஏறத்தாழ 17 விழுக்காட்டினரே எட்டியிருந்தனர். அந்தத் தேர்வின் வினாக்கள் நம் சூழலுக்குப் பொருந்துமா என்ற விவாதம் அப்போதே எழுந்தது. அதில் நியாயமும் உண்டு. ஆயினும் அங்கே பத்தியோடு அட்டவணை, விளம்பரம், அறிவிப்பு போன்றவற்றைக் கொடுத்து, இரண்டு இடங்களில் உள்ள செய்திகளைச் சேர்த்து ஒரு முடிவுக்கு வரச் சொல்கிறார்கள். உருபைப் பிடித்து விடை எழுதிப் பழகியவர் அங்கே நின்றுவிடுவதில் வியப்பில்லை.

எனக்கு ஒரு மறுப்பும் உண்டு. "பாட்டு இடம் கொடுக்கிறது" என்று சொல்லத் தொடங்கினால் எந்த ஊகத்தையும் உள்ளே விட்டுவிடலாமே. எல்லா விடையும் சரி என்ற இடத்துக்கு வகுப்பு போய்ச் சேராதா?

நடுநிலைப்பள்ளித் தமிழ்

போய்ச் சேரும், கவனிக்காவிட்டால். அதற்காகவே ஊகத்தை எடைபோடும் பயிற்சியைத் தனியே செய்கிறேன். பாட்டைவிடச் சிறு உரைநடைப் பத்தி அதற்கு வசதியானது. வகுப்புக்காக எழுதிய ஒன்று இது:

"பேருந்து புறப்பட்டுச் சென்றது. பெரியவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். மஞ்சள் பையைத் தரையில் வைத்துத் துழாவினார். பிறகு பேருந்து போன திசையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். தேநீர்க் கடைக்காரர் என்னவென்று கேட்டதற்கு, 'ஒன்றுமில்லை தம்பி, அடுத்த வண்டி எப்போது?' என்றார்."

"பெரியவருக்கு என்ன நேர்ந்தது?" என்று கேட்டால் வகுப்பில் பாதிக்கு மேல் "பணத்தைத் திருடிவிட்டார்கள்" என்பார்கள். திருட்டு எந்த வரியில் இருக்கிறது? இல்லை. பணம் எந்த வரியில் இருக்கிறது? அதுவும் இல்லை. பெரியவர் எதையோ தேடுகிறார் என்பது உறுதி. இரண்டு வரிகள் அதைத் தாங்குகின்றன. அது பேருந்தில் போய்விட்டதாக அவர் நினைக்கிறார் என்பது வலுவான ஊகம். திசையைப் பார்த்து நின்றதும் அடுத்த வண்டியைக் கேட்டதும் அதற்குச் சான்று. திருட்டு என்பது பத்தி மறுக்காத, ஆனால் சான்றில்லாத கற்பனை. 'ஒன்றுமில்லை' என்ற சொல்லுக்கும் அவருடைய செயல்களுக்கும் உள்ள முரணைக் கண்டு, "அவர் அதைச் சொல்ல விரும்பவில்லை" என்று ஒரு மாணவர் சொன்னால், பத்தியில் எழுதப்படாத ஒன்றை எழுதப்பட்டவற்றைக் கொண்டே கண்டுபிடித்துவிட்டார் என்று பொருள். விடைகளை 'உறுதி', 'வலுவான ஊகம்', 'சான்றில்லை' என்று கரும்பலகையில் மூன்று கட்டங்களில் எழுதச் சொல்கிறேன். தாம் சொன்ன விடை எந்தக் கட்டத்தில் விழும் என்பதை அவர்களே விவாதித்து முடிவு செய்கிறார்கள். எல்லா விடையும் சரி என்ற நிலை அங்கே வருவதே இல்லை. சில வேளைகளில் அவர்கள் என்னைவிடக் கறாராக இருக்கிறார்கள்.

மட்டக்களப்பான்

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் தரம் 10, 11 மாணவர்கள் க.பொ.த. (கல்விப் பொதுத் தராதரப் பத்திரம்) சாதாரண தரத் தேர்வுக்குத் 'தமிழ் மொழியும் இலக்கியமும்' என்ற பாடத்தோடு, விரும்பினால் 'தமிழ் இலக்கிய நயம்' என்பதையும் தனிப்பாடமாக எடுக்கலாம். அதனால் நயத்தல், அதாவது பாட்டின் சுவையை ஆராய்ந்து சொல்லுதல், என்ற பயிற்சி இடைநிலை வகுப்புகளிலேயே தொடங்கிவிடுகிறது. இது எங்களுக்கு ஒரு நல்வாய்ப்பு. ஆனால் அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். "கவிஞர் உவமையணியைக் கையாண்டு, எதுகை மோனை அமைய, ஓசை நயம்பட மிக அழகாகப் பாடியுள்ளார்" என்ற வாக்கியத்தை எந்தப் பாட்டின் கீழும் எழுதிவிடலாம். பிள்ளைகள் எழுதியும் விடுகிறார்கள். அணியின் பெயரைச் சொல்வதே ஆராய்ச்சி என்று அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள்.

நான் இரண்டு உபாயங்களைப் பயன்படுத்துகிறேன். வேறொரு பாட்டின் கீழ் ஒட்டினாலும் பொருந்தும் வாக்கியத்துக்குப் புள்ளி (மதிப்பெண்) இல்லை என்பது ஒன்று. அணியை எடுத்துவிட்டு வரியை மீண்டும் எழுதச் செய்வது மற்றொன்று. நீங்கள் சொன்ன பாட்டையே எடுத்துக்கொள்வோம். "அவனைப் பெற்ற வயிறு இது, அவன் போர்க்களத்தில் இருப்பான்" என்று உவமையின்றி எழுதிப் பார்த்தால் செய்தி முழுவதும் வந்துவிடுகிறது. பிறகு எது போயிற்று? புலி போயிற்று, ஆகவே மகனின் இயல்பு போயிற்று. குகை போயிற்று, ஆகவே தாயின் காலியான வீடும் போயிற்று. போனதைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அந்த அணியின் பெயர் மறந்துபோனாலும் பரவாயில்லை என்பேன்.

பாட்டின் அமைப்புக்கும் இதையே செய்யலாம். பாரதியாரின் "காணி நிலம் வேண்டும்" பாட்டில் மூன்று கண்ணிகளையும் கொடுத்து, கேட்கப்படும் பொருட்களை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். நிலம், மாளிகை, கேணி, தென்னை என்று கைக்கு எட்டுபவையாகத் தொடங்கி, நிலவொளி, குயிலோசை, தென்றல் என்று பிடிக்க முடியாதவற்றுக்குப் போய், "என்றன் பாட்டுத் திறத்தாலே இவ்வையத்தைப் பாலித்திட வேணும்" என்று முடிகிறது. அந்தக் கடைசி வரியை மறைத்துவிட்டுப் படித்தால் அது வசதியான வீடு கேட்கும் ஒருவரின் பாட்டு. வரியைத் திறந்ததும் முன்பு கேட்டவை எல்லாம் எதற்காகக் கேட்கப்பட்டன என்பதே மாறிவிடுகிறது. தரம் 6 பிள்ளைகளுக்கும் இது விளங்குகிறது.

பழைய பள்ளிக்கூடம்

மட்டக்களப்பு நண்பரின் முதல் உபாயத்தை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். விடைத்தாள் திருத்துவது எவ்வளவோ விரைவாக முடிந்திருக்கும்.

எட்டாம் வகுப்புக்கு உரைகளையும் ஆராய்ச்சிக்குள் கொண்டுவரலாம் என்று தோன்றுகிறது. 69ஆம் குறளைப் பாருங்கள்: "ஈன்ற பொழுதின் பெரிதுவக்கும் தன்மகனைச் சான்றோன் எனக்கேட்ட தாய்." இங்கே 'கேட்ட' என்பதற்குப் பரிமேலழகர், பெண் இயல்பால் தானாக அறியாமையின் 'கேட்ட தாய்' என்றார் என்று காரணம் எழுதுகிறார். அறிவுடையோர் சொல்லக் கேட்டாள் என்றும் விரிக்கிறார். குறளின் ஏழு சீர்களில் 'அறிவுடையோர்' எங்கே? 'தானாக அறியாமை' எங்கே? மகனைப் பற்றித் தானே பெருமை பேசுவதைவிடப் பிறர் சொல்லக் கேட்பதில் மகிழ்ச்சி மிகும் என்று கொண்டால் குறள் தடையின்றிப் பொருள் தருகிறதே. இரண்டு விளக்கங்களையும் முன்வைத்து, எது குறளின் சொற்களுக்கு அருகில் இருக்கிறது என்று கேட்கலாம். பரிமேலழகரின் புலமைக்கு இதனால் இழுக்கு ஒன்றும் வந்துவிடாது. அவர் தம் காலத்துக் கருத்தைக் கொண்டு ஓர் இடைவெளியை நிரப்பினார் என்பதைப் பிள்ளைகள் காண்பார்கள்.

காவற்பெண்டு காட்டும் தாயையும் வள்ளுவர் காட்டும் தாயையும் அருகருகே நிறுத்தி ஒரு சிறுவினா அமைக்கலாம். ஒருத்தி மகனைப் பற்றிக் கேட்கப்பட்டு விடை சொல்கிறாள். மற்றவள் மகனைப் பற்றிச் சொல்லப்படுவதைக் கேட்கிறாள். இருவர் பெருமையும் எதில் ஒன்றுபடுகிறது, எதில் வேறுபடுகிறது?

ஏழாம்வகுப்புத் தாய்

ஐயா, அந்த ஒப்பீட்டை நேற்றிரவு மகளிடம் கேட்டேன். "காவற்பெண்டின் அம்மாவுக்கு யாரும் வந்து நல்ல பிள்ளை என்று சொல்ல வேண்டிய தேவை இல்லை" என்றாள். சரியா தவறா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் முன்பு கேட்ட வினாவுக்கு இன்னும் விடை வரவில்லை. இப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா?

நடுநிலைப்பள்ளித் தமிழ்

அம்மா, உங்கள் மகள் சொன்னது மிக நல்ல விடை. 'தோன்றுவன்' என்ற உறுதியை அவர் சான்றாகக் காட்டிவிட்டால் குறை சொல்ல இடமே இல்லை.

மதிப்பெண்ணைப் பற்றி நேரடியாகச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பு வரை வளரறி மதிப்பீட்டுக்கு (பருவம் நடக்கும்போதே வகுப்பில் செய்யும் செயல்பாடுகளுக்கு) 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்பது முறை. அந்த 40 மதிப்பெண்ணுக்குரிய செயல்பாடுகளை அமைப்பதில் ஆசிரியருக்குப் போதிய உரிமை உண்டு. இங்கே பேசிய அனைத்தையும் அதற்குள் செய்யலாம். 60 மதிப்பெண் தாளில் விடைக்குறிப்பை ஒட்டித் திருத்துபவரும் இருப்பார் என்பதால், மகளுக்கு ஓர் எளிய ஒழுங்கைச் சொல்லிக் கொடுங்கள்: முதல் வாக்கியத்தில் விடை, அடுத்த வாக்கியத்தில் அதற்கு ஆதாரமான பாட்டு வரியோ பத்தியின் தொடரோ மேற்கோள் குறிக்குள், அதற்கடுத்து அந்த வரி எப்படி அந்த விடையைத் தருகிறது என்பது சொந்த நடையில். நடு வாக்கியத்தில் பாடநூலின் சொற்கள் இருப்பதால் விடைக்குறிப்பைத் தேடும் கண்ணுக்கும் அது தென்படும். முழுவதையும் சொந்த நடையில் எழுதி ஆதாரத்தைக் காட்டாமல் விடுவதும் ஒரு குறைதான். அதற்கு மதிப்பெண் குறைந்தால் நான் திருத்தியவரின் பக்கம்தான் நிற்பேன்.

வீட்டில் தனியாகப் பயிற்சித்தாள் தேவையில்லை. மின்கட்டண அட்டை, நியாயவிலைக் கடை அறிவிப்பு, மருந்துச் சீட்டில் வேளை எழுதியிருக்கும் விதம், பள்ளிக்கு வரும் 'தேன்சிட்டு' இதழின் ஒரு பக்கம் ஆகியவையே போதும். இரண்டு இடத்துச் செய்திகளைச் சேர்த்தால் மட்டுமே விடை வரும் ஒரு வினாவை நீங்கள் கேளுங்கள். பிறகு உங்களிடம் அப்படி ஒரு வினா கேட்கும்படி மகளிடம் சொல்லுங்கள். வினா அமைக்கத் தெரிந்த மாணவர் பத்தியை வேறு விதமாகப் படிக்கிறார் என்பதை வகுப்பிலும் காண்கிறேன்.

மலையடிவாரம்

மாணவர்களே வினா அமைப்பதை நானும் செய்து பார்க்கிறேன். முதலில் அவர்கள் அமைப்பவை எல்லாம் 'யார், எங்கே, எப்போது' வினாக்களாகவே இருக்கின்றன. "பத்தியிலிருந்து பெயர்த்து எழுதி விடை சொல்லக்கூடிய வினா செல்லாது" என்று ஒரு விதி வைத்தவுடன் வகுப்பு சற்று நேரம் திகைத்து, பிறகு 'ஏன்' வினாக்களுக்கு வருகிறது. ஒரு குழு அமைத்த வினாவுக்கு மறு குழு விடை சொல்ல வேண்டும். வினா கேட்டவர்களே வரியைக் காட்டி ஏற்கவோ மறுக்கவோ வேண்டும். வாசிக்கத் திணறுபவர்கள் வினாவை வாயால் சொல்ல, நன்றாக எழுதுபவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். சத்தம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும்; பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கணக்குப் பார்ப்பவர்

என் மறுப்புக்கு விடை கிடைத்துவிட்டது. மூன்று கட்டக் கரும்பலகை முறை கணக்கு வகுப்பின் நிறுவலுக்கு வெகு அருகில் இருக்கிறது. பேருந்து, தண்ணீர் அறிவிப்பு போன்ற சிறு பத்திகளை இந்த இழையிலேயே நாம் எழுதிச் சேர்க்கலாமா? நானும் இரண்டு எழுதித் தருகிறேன்; ஒன்று தொடர்வண்டி அட்டவணையைக் கொண்டது.

நடுநிலைப்பள்ளித் தமிழ்

கட்டாயம் எழுதுங்கள். ஆறாம் வகுப்புக்கு ஐந்தாறு வரிகளும், எட்டாம் வகுப்புக்கு அரைப்பக்கமும் போதுமானவை. பாடநூலில் வராத பொருளாகவும், மாணவர்கள் முன்பு கேட்டிராத கதையாகவும் இருக்கட்டும். கேட்ட கதையாக இருந்தால் பத்தியைப் படிக்காமலேயே விடை சொல்லிவிடுகிறார்கள். ஒவ்வொரு பத்திக்கும் பெயர்த்து எழுத முடியாத வினா இரண்டாவது இருக்க வேண்டும். விடைகளைப் பத்தியோடு சேர்த்து எழுதாமல் தனிப்பதிவாக இடுங்கள். நாளை மாலை நான் ஏழாம் வகுப்புக்கு ஒன்றை இடுகிறேன்.

பழைய பள்ளிக்கூடம்

நான் குறள்களில் உரைகள் மாறுபடும் இடங்களாகப் பார்த்துத் தொகுத்து எட்டாம் வகுப்புக்குத் தருகிறேன். மணக்குடவர், பரிமேலழகர் இருவர் உரையையும் சேர்த்தே இடுவேன். எது சரி என்று என்னிடம் கேட்காதீர்கள்.